போங்காட்டம் ஆடாமல் பிளேயரைத் திடுக்கிட வைப்பது எப்படி

ஓய்வு நேரத்தில் நான் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் கேம் வகை) செய்ய உதவும் ஆர்பிஜி மேக்கர் எம்ஸெட் என்கிற சாஃப்ட்வேரில் ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருக்கிறேன். அதை முதன்முதலாக உட்கார்ந்து விளையாடிப் பார்த்தது என் சித்தி பையன். நாலாவது ஊர் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. அந்த ஊர்ச் சத்திரத்தில் காசு கொடுத்துப் படுத்தான், திரை இருட்டானது, விடிந்து பார்த்தால் பையில் இருந்த நல்ல வாளைக் காணோம். நான் பக்கத்தில் இருந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது ஆடிப்போவான், கத்துவான் என்று. அவன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "என்னண்ணே இது, போங்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து சாப்பிடப் போய்விட்டான்.

வாள் போனதில் அவனுக்கு வருத்தம் இல்லை. நான் ஏமாற்றிவிட்டேன் என்பதுதான் கோபம். திடுக்கிடுவதற்கும் ஏமாற்றப்படுவதற்கும் நடுவில் இருக்கும் கோடு எங்கே என்று அதற்குப் பிறகு சில மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அதில் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதே சத்திரத்தை எப்படி மாற்றினேன் என்பதும் வரும்.

ஒரு எச்சரிக்கை: கீழே பல பழைய கேம்களின் ரகசியங்களைப் போட்டு உடைக்கப் போகிறேன். விளையாடாத கேமின் பெயரைப் பார்த்தால் அந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

கதையைத் தொடாதீர்கள், பழக்கத்தைத் தொடுங்கள்

திடுக்கிட வைக்க வேண்டும் என்றதும் எல்லாரும் நேரே கதைக்குத்தான் போகிறோம். நண்பன்தான் துரோகி, ராஜா உண்மையில் பேய், செத்துப்போன அப்பா உயிரோடு இருக்கிறார். தப்பில்லை, ஆனால் நாலு மெகா சீரியல் பார்த்த ஆளுக்கு இதெல்லாம் அந்த அப்பாவின் போட்டோவுக்கு மாலை போட்டிருப்பதைக் காட்டும்போதே தெரிந்துவிடும்.

மற்ற வகைகளைவிட ஆர்பிஜியிடம் அதிகமாக இருக்கும் சொத்து பழக்கம். முப்பது நாற்பது மணி நேரம் ஒரே காரியங்களைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம். செய்து செய்து ஒரு கட்டத்தில் அவற்றைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறோம். சத்திரத்தில் காசு கொடுத்தால் ஹெச்பி (உயிர் அளவு) நிரம்பும். பெட்டியைத் திறந்தால் பொருள் கிடைக்கும். யார் வீட்டுக்குள்ளும் புகுந்து பானையை உடைக்கலாம், வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார். ஹீரோவின் கூட்டத்தில் சேர்ந்தவர் கடைசிவரை கூடவே வருவார். ஆமாம், இல்லை இரண்டில் எதை அழுத்தினாலும் கதை ஒரே பக்கம்தான் போகும். மெனு என்பது கதைக்கு வெளியே இருக்கிற சமாசாரம். நல்ல திடுக்கிடல் என்று நாம் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பவை எல்லாம் இதில் ஏதோ ஒன்றை உடைத்தவைதான்.

1986-ல் வந்த முதல் டிராகன் குவெஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு இளவரசியை மீட்பீர்கள். அவள் ஒரு கேள்வி கேட்பாள், இல்லை என்றால் விடமாட்டாள், ஆமாம் என்று சொல்லும்வரை அதையே திரும்பக் கேட்பாள். சரி, இந்த கேமில் பதில் வெறும் ஒப்புக்குத்தான் போல என்று நமக்குப் பதிந்துவிடும். கடைசியில் வில்லன் டிராகன்லார்ட் முன்னால் போய் நிற்கும்போது அவனும் ஒரு கேள்வி கேட்பான்: என்னோடு சேர்ந்துகொள், உலகத்தில் பாதி உனக்கு. என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்று ஆமாம் போட்டால் அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. இளவரசியின் கேள்வி ஒரு பழக்கத்தை விதைத்தது, டிராகன்லார்டின் கேள்வி அதை அறுத்தது. அந்தச் சின்ன கேட்ரிட்ஜில் இதற்காகத் தனியாக ஒரு பெரிய கட்சீனும் (கதைக் காட்சியும்) வைக்கவில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது குரோனோ டிரிகர், 1995. ஆரம்பத்திலேயே ஒரு திருவிழா. ஓடி வந்து ஒரு பெண் மோதுவாள், இரண்டு பேரும் விழுவீர்கள், அவள் கழுத்துப் பென்டன்ட் கொஞ்ச தூரத்தில் கிடக்கும். ஆர்பிஜி ஆடிப் பழகிய கை நேராகப் பென்டன்டுக்குத்தான் போகும், ஏனென்றால் மினுங்குவதை எடு என்றுதான் அதுவரை ஆடிய அத்தனை கேமும் கற்றுக்கொடுத்திருக்கிறது. அந்தப் பக்கம் மேசையில் யாரோ வைத்த சாப்பாட்டுப் பொட்டலம் இருக்கும், அதையும் எடுத்துத் தின்றுவிடுவோம். ஒரு சிறுமியின் பூனைக்குட்டி தொலைந்திருக்கும், அதைத் தேடிக் கொடுத்திருக்கலாம், கொடுக்காமலும் விட்டிருக்கலாம். இதெல்லாம் முடிந்து, கதை எங்கெங்கோ சுற்றி, சில மணி நேரம் கழித்து உங்கள் மேல் ஒரு வழக்கு: மோதிய அந்தப் பெண்தான் இளவரசி, அவளைக் கடத்தினீர்களாம். கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்து நிற்பவர் யார் என்றால், அந்தச் சாப்பாட்டுக்காரர்.

முதல் முறை ஆடும்போது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், கூடவே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. கேம் இதில் எதையும் ஒளித்து வைக்கவில்லை. தின்றது நான்தான், அதைப் பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: தீர்ப்பு எப்படி வந்தாலும் உங்களைச் சிறையில்தான் அடைப்பார்கள், கதை கிளை பிரிவதே இல்லை. அதாவது இதைச் செய்ய நாலைந்து சுவிட்சும் (ஒன்று நடந்ததா இல்லையா என்று குறித்துவைப்பது) கொஞ்சம் மாற்று வசனமும் இருந்தாலே போதும். தனியாக கேம் செய்கிறவர்கள் இந்தக் காட்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

2003-ல் வந்த ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்கின் பெரிய திருப்பம் கதைத் திருப்பம் மாதிரித்தான் தோன்றும். நீங்கள்தான் அந்தப் பழைய வில்லன் ரெவன், நினைவை அழித்து விட்டிருக்கிறார்கள் என்று தெரியவரும் இடம். ஆனால் அது வேலை செய்வதற்குக் காரணம் கதை இல்லை. ஆர்பிஜியில் ஹீரோவுக்கு முன்கதையே இல்லாவிட்டால் யாரும் சந்தேகப்படமாட்டோம், நாமே பெயர் வைத்து முகம் தேர்ந்தெடுத்த ஆள்தானே என்று விட்டுவிடுவோம். அந்த அலட்சியத்துக்குள்ளேதான் ரகசியத்தை வைத்துத் தைத்திருக்கிறார்கள். வெளிப்படும் நேரத்தில் முன்னால் வந்த வசனங்களையே துண்டு துண்டாகத் திரும்ப ஓட்டிக் காட்டுவார்கள், இதோ சொன்னோமே, இதோ இங்கேயும் சொன்னோமே என்கிற மாதிரி.

அண்டர்டேலில் (2015) சண்டை மெனுவில் நாலு பட்டன், கடைசிப் பட்டன் மன்னிப்பது. கேம் முழுக்க அதை அழுத்தித்தான் எதிரிகளைக் கொல்லாமல் தப்பிக்கக் கற்றுக்கொள்வீர்கள். அரசர் அஸ்கோரோடு சண்டை தொடங்கும்போது அவர் முதலில் செய்யும் காரியம் அந்தப் பட்டனை உடைப்பது. உங்களைத் தொடவில்லை, உங்கள் மெனுவை அடிக்கிறார். உடைந்த பட்டனைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கை அப்படியே நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆகவே முதல் வேலை: ஒரு பேப்பரை எடுத்து உங்கள் கேமில் பிளேயர் யோசிக்காமல் செய்யும் காரியங்களை எல்லாம் எழுதுங்கள். கடை, சேவ் பாயின்ட், ஏணி, கதவு, விலை, லெவல் ஏறும்போது வரும் சத்தம், ஒன்றையும் விடாதீர்கள். இருபது தேறும். அதில் ஒன்றை, பேராசைப்பட்டால் இரண்டை, எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மேல் உடைத்தால் அப்புறம் பிளேயர் எதையுமே நம்பமாட்டார், நம்பாத ஆளைத் திடுக்கிட வைக்க முடியாது.

சத்திரத்தை மறுபடி கட்டிய கதை

நான் எடுத்தது சத்திரம். பழைய வடிவத்தில் நான் செய்த தப்பு இப்போது பார்த்தால் அப்பட்டமாகத் தெரிகிறது. அதற்கு முன் என் கேமில் ஒரே ஒரு சத்திரம்தான் இருந்தது. ஒரு முறை செய்தது எப்படிப் பழக்கமாகும்? மற்ற கேம்களிலிருந்து பழக்கத்தை இரவல் வாங்கி அதை உடைத்திருக்கிறேன், அதனால்தான் அவனுக்குப் போங்காகப் பட்டது.

புது வடிவத்தில் முதல் மூன்று ஊரிலும் சத்திரம் இருக்கிறது. விலை 10 காசு, 10 காசு, 12 காசு. மூன்றிலும் ஒரே நிகழ்வு: திரை இருளும், சின்னதாக ஒரு தாலாட்டு ட்யூன் ஓடும், எல்லாருக்கும் ஹெச்பி நிரம்பும், வெளிச்சம் வரும். மூன்று சத்திரக்காரர்களும் காசை வாங்கிக்கொண்டு ஒரே வரியைச் சொல்வார்கள்: "படுக்கும்போது கதவைத் தாழ் போட்டுக்கோங்க." அறைக் கதவில் ஒரு தாழ்ப்பாள் வரைந்திருக்கும், போய் அழுத்தினால் டக்கென்று சத்தம் வரும், வேறு ஒன்றும் நடக்காது. இரண்டாவது ஊருக்குமேல் ஒருவரும் அதைத் தொடுவதில்லை.

நாலாவது ஊரில் விலை 4 காசு. சத்திரக்காரர் அந்த வரியைச் சொல்லமாட்டார். அறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டை மட்டும் இருக்கும். படுத்தால் திரை இருளும், ட்யூன் ஆரம்பிக்கும், நாலாவது சுரத்திலேயே நிற்கும்.

அந்த நின்றுபோகும் ட்யூன்தான் இதில் பாதி வேலையைச் செய்கிறது. மூன்று முறை முழுசாகக் கேட்ட பாட்டு பாதியில் நின்றால், என்ன நடந்தது என்று மூளைக்குத் தெரிவதற்கு முன்னாலேயே உடம்புக்குத் தெரிந்துவிடும். செய்வதும் சுலபம். ஓடும் ட்யூனை நிறுத்த ஸ்கிரிப்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், பாதியாக வெட்டிய இன்னொரு ஆடியோ ஃபைலை வைத்துக்கொள்ளுங்கள், நாலாவது சத்திரத்து ஈவன்ட்டில் அதை ஓடவிடுங்கள். அதற்குப் பிறகு இரண்டு விநாடி முழு அமைதி, திரை இருட்டாகவே இருக்கட்டும். நான் முதலில் அரை விநாடிதான் வைத்திருந்தேன், ஏதோ கேம் திணறுகிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

வெளிச்சம் வரும்போது நடுராத்திரி. ஜன்னல் திறந்திருக்கும், பை தரையில் கொட்டிக் கிடக்கும். இந்த முறை வாளை எடுக்கவில்லை. பிளேயர் உழைத்துச் சம்பாதித்த பொருளைப் பிடுங்கினால் அது கதையாக மனதில் நிற்காது, நஷ்டமாகத்தான் நிற்கும். திருடன் எடுத்துக்கொண்டு போவது கதையில் வந்த ஒரு பழைய கடிதம், அதுவரை எதற்கு என்றே தெரியாமல் பையில் கிடந்தது. கூரைமேல் துரத்திப் பிடித்தால் அந்தத் திருடன் பிற்பாடு உங்கள் கூட்டத்திலேயே சேர்ந்துகொள்வான். அதாவது பழக்கத்தை உடைத்ததற்கு ஈடாக ஒரு ஆளையே கொடுத்துவிடுகிறேன்.

இதைச் சித்தி பையனிடம் காட்ட முடியாது, அவனுக்குத்தான் தெரியுமே. அவனுடைய நண்பன் ஒருவனைப் பிடித்து உட்கார வைத்தேன். நாலு காசு என்று பார்த்ததும், "என்னண்ணா, இந்த ஊர்ல சீப்பா இருக்கு" என்று சந்தோஷமாகத்தான் படுத்தான். ட்யூன் நின்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். வெளிச்சம் வந்ததும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்: "நாலு காசுக்கு ரூம் குடுக்கும்போதே யோசிச்சிருக்கணும்."

அந்தச் சிரிப்புதான் எனக்கு வேண்டியிருந்தது. பழி என்மேல் வரவில்லை, தன்மேலேயே போட்டுக்கொண்டான். துப்பு வைக்கும்போது நான் இப்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன்: நடந்து முடிந்த பிறகு பிளேயர் கையை நீட்டிக் காட்ட ஒரு பொருள், ஒரு எண், ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் போங்கு இல்லை. துப்பை அவர் கவனித்தாரா என்பது இரண்டாம் பட்சம், கண் முன்னால் வைத்திருந்தோமா என்பதுதான் பேச்சு.

டார்க் சோல்ஸில் (2011) பெட்டி வேஷத்தில் உட்கார்ந்து ஆளை விழுங்கும் மிமிக் இதே விதிப்படிதான் நடக்கிறது. அதன் பக்கத்தில் கிடக்கும் சங்கிலியின் வாகு சாதாரணப் பெட்டியிலிருந்து வேறாக இருக்கும், பொறுமையாக நின்று பார்த்தால் மூச்சு விடுவதுகூடத் தெரியும். முதல் மிமிக் உங்களை விழுங்கும், நியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு பெட்டி முன்னாலும், பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதையென்று மிதிக்கவும் முடியாமல் நிற்பீர்கள். அப்புறம் என்ன, திறப்பதற்கு முன் வாளால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பது என்கிற புதுப் பழக்கம் எல்லாருக்கும் வந்தது. 2014-ல் வந்த இரண்டாம் பாகத்தில் மரப்பெட்டியைத் தட்டினால் அது உடைந்து உள்ளே இருப்பது பாழாகக்கூடும். தாங்கள் உண்டாக்கிய பழக்கத்தையே மறுபடி உடைத்தார்கள்.

துப்பு எவ்வளவு மெல்லிசாக இருக்கலாம் என்பதில் எனக்கு இன்னும் குழப்பம் உண்டு. 1994-ல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 6-ல் வானத்தில் மிதக்கும் நிலம் இடிந்து விழும்போது நேரம் குறைந்துகொண்டே வரும், நீங்கள் ஓடி விளிம்புக்கு வருவீர்கள், குதிக்கலாமா காத்திருக்கலாமா என்று கேட்கும். கடிகாரம் ஓடினால் அவசரப்படு என்பதுதான் நாம் படித்த பாடம். குதித்தால் பின்னால் வந்துகொண்டிருந்த ஷேடோ என்கிற ஆள் போனவன் போனவன்தான். கடைசி ஐந்து விநாடிவரை காத்திருந்தால் வந்து சேர்ந்துவிடுவான். நான் குதித்தேன். பிற்பாடு தெரிந்தபோது இது போங்கு என்றுதான் முதலில் சொன்னேன். ஆனால் காத்திரு என்று ஒரு வரி மெனுவில் இருந்ததே, எதற்காக அதை வைத்தார்கள் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாமே. பத்து வருஷம் கழித்து ஒப்புக்கொண்டேன்.

பகடை உருட்டினால் திடுக்கிடல் வராது

ரேண்டமாக வைத்தாலே ஆச்சரியம் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இதன் வேர் பழசு. 1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற மேசை ஆட்டத்தில் ஆறு பக்கப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் நீங்கள் எதிர்பாராமல் மாட்டிக்கொண்டீர்கள் என்று கணக்கு. ஆர்பிஜி மேக்கரிலும் எதிரி முந்திக்கொண்டு தாக்கும் வசதி தயாராகவே இருக்கிறது: உங்கள் கூட்டத்தின் சராசரி வேகம் எதிரிகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் 3 சதவீதம், குறைவாக இருந்தால் 5. மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து பகடை உருள்வதைப் பார்க்கும்போது அதில் ஒரு படபடப்பு உண்டு. திரையில் அது வெறும் எரிச்சல்.

ஆனாலும் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று வரும் ரேண்டம் சண்டை வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு கணக்கைப் பாருங்கள். சராசரியாக 30 அடிக்கு ஒரு சண்டை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அடிக்கும் முப்பதில் ஒரு வாய்ப்பு என்று எழுதினால், ஒரு சண்டை முடிந்து ஐந்து அடிக்குள் அடுத்த சண்டை வர கிட்டத்தட்ட 16 சதவீதம் வாய்ப்பு. அதே சமயம் 59 அடி நடந்தும் ஒன்றுமே வராமல் போக 13 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. ஆர்பிஜி மேக்கர் அப்படிச் செய்வதில்லை. 0 முதல் 29 வரை இரண்டு ரேண்டம் எண்களை எடுத்து, கூட்டி, ஒன்று சேர்த்து, அத்தனை அடி கழித்துச் சண்டை என்று முன்கூட்டியே குறித்துவிடுகிறது. இப்போது ஐந்து அடிக்குள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழே போய்விடும், 59 அடிக்குள் எப்படியும் வந்துவிடும். பார்ப்பதற்கு ரேண்டம் மாதிரியே இருக்கும், ஆனால் மடத்தனமான இரண்டு ஓரங்களையும் சீவிவிட்டது. உங்கள் சொந்த எஞ்சினில் எழுதினாலும் இதே மாதிரி எழுதுங்கள்.

லோட் பட்டன் என்கிற எதிரி

சினிமாக்காரர்களுக்கு இல்லாத தலைவலி ஒன்று நமக்கு உண்டு. அதிர்ச்சி கொடுத்த அடுத்த நொடி பிளேயர் பழைய சேவ் ஃபைலை எடுத்து லோட் செய்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வேறு பதில் சொல்லுவார். இதற்கு இரண்டு வழிதான் எனக்கு உருப்படியாகப் பட்டன.

ஒன்று, விளைவைத் தள்ளிப்போடுவது. சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தின்றதற்கும் கோர்ட்டுக்கும் நடுவில் சில மணி நேரம் இருப்பதால் யாரும் திரும்பிப் போகமாட்டார்கள், போனது போகட்டும் என்று சுமந்துகொண்டு நடப்பார்கள். இதுதான் சுலபம், நான் செய்வதும் இதுதான்.

இன்னொன்று லோட் செய்ததையே கதையாக்குவது. அண்டர்டேலில் ஆரம்பத்தில் வரும் டோரியலைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் லோட் செய்து இந்த முறை உயிரோடு விட்டால், ஃபிளவி என்கிற பூ அதைச் சொல்லிக் காட்டும், நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும் என்று. சேவ் ஃபைலுக்கு வெளியே தனியாக ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைத்தால் யாரும் செய்யலாம். ஆனால் இது கத்தி மாதிரி, கேம் முழுக்க ஒரு முறைதான் பயன்படுத்தலாம்.

பறிக்க மட்டும் வேண்டாம், கொடுத்தும் திடுக்கிட வையுங்கள்

ஃபைனல் ஃபேன்டஸி 7 (1997) ஹீரோவின் கூட்டத்தில் ஒருத்தியான ஏரித்தைக் கொன்றதிலிருந்து ஆளாளுக்குக் கூட்டத்தில் ஒருவரைச் சாகடித்தால்தான் பெரிய கேம் என்று நினைத்துவிட்டோம். அங்கே உண்மையில் கவனிக்க வேண்டியது சாவு இல்லை. அவள் விழுந்ததும் அடுத்த நொடியே ஜெனோவா என்கிற பெரிய எதிரியோடு சண்டை தொடங்கும், ஆனால் பெரிய எதிரிகளுக்கு வழக்கமாக வரும் பாஸ் சண்டை இசை வராது, அவளுடைய மெல்லிய ட்யூனே தொடர்ந்து ஓடும். கை வழக்கம்போலச் சண்டை போடும், காது அழுதுகொண்டிருக்கும். என் சத்திரத்து ட்யூன் யோசனையே அங்கிருந்து கிடைத்ததுதான்.

கொடுத்துத் திடுக்கிட வைப்பதற்கு 1999-ல் வந்த போக்கிமான் கோல்ட், சில்வரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எட்டு பேட்ஜ் வாங்கி, லீகை ஜெயித்து, முடிந்தது என்று நினைத்தால் கப்பலில் ஏற்றி முந்தைய கேமின் கான்டோ வட்டாரம் முழுவதையும் திறந்துவிடுவார்கள், இன்னும் எட்டு பேட்ஜ். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு மலைக்குகையில் நிற்பவன் ரெட், அதாவது முந்தைய கேமில் நாம் ஆடிய நாமே. ஒரு வார்த்தை பேசமாட்டான்.

எல்டன் ரிங்கில் (2022) காட்டுக்குள் ஒரு பாழடைந்த கிணற்றுக் கட்டடம், உள்ளே லிஃப்ட். ஏறினால் இறங்கிக்கொண்டே இருக்கும், இன்னும் இறங்கும், ஏதோ கோளாறோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு. கீழே பூமிக்கடியில் நட்சத்திரம் நிறைந்த வானம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை, ஆனால் நல்ல பூதம். இதிலும் உடைவது ஒரு பழக்கம்தான், லிஃப்ட் பயணம் இத்தனை விநாடிதான் இருக்கும் என்கிற பழக்கம். நீளத்தை மட்டும் கூட்டினார்கள்.

எங்கெல்லாம் ஒழுகும்

எவ்வளவு கவனமாக வைத்தாலும் ரகசியம் சில ஓட்டைகள் வழியாக ஒழுகிவிடும். அச்சீவ்மென்ட் பட்டியலில் தலைப்பு காட்டிக்கொடுக்கும், அதை மறைவாக வையுங்கள். வசனப் பெட்டிக்கு மேலே பெயருக்குப் பதில் மூன்று கேள்விக்குறி போட்டால், இவர் நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஆள் என்று தண்டோரா போட்டதற்குச் சமம். முகமூடி மனிதர் என்றே ஒரு பெயர் கொடுத்துவிடலாம்.

தமிழில் வசனம் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. வினைமுற்றே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். முகமூடிக்குள் இருப்பது பெண் என்பதை மறைக்க வேண்டும் என்று "வந்தார், சொன்னார்" என்று மரியாதையாக எழுதினேன். மற்ற எதிரிகள் எல்லாரும் "வந்தான், வெட்டினான்". மூன்றாவது காட்சியிலேயே ஒரு பையன் கேட்டான், "இந்த ஆளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மரியாதை?" அப்புறம் கேமில் பாதி எதிரிகளுக்கு "ஆர்" விகுதி போட்டு எழுதினேன், கொள்ளைக்காரர்கள் எல்லாரும் மிகவும் கண்ணியமானவர்களாக ஆகிவிட்டார்கள், அதுவும் ஒரு மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

ஃபைல் பெயரையும் பாருங்கள். ஆர்பிஜி மேக்கரில் கேமை வெளியிடும்போது படங்களை என்க்ரிப்ட் செய்யும் டிக்கைப் போடாவிட்டால் யார் வேண்டுமானாலும் ஃபோல்டரைத் திறந்து பார்க்கலாம். என் ஃபோல்டரில் "துரோகி_புதுசு" என்று ஒரு முகப்படம் இருந்தது.

ஆளைச் சிக்கனமாகச் செலவழியுங்கள்

சோதித்துப் பார்ப்பதில் ஒரே சிரமம், ஒரு ஆளை ஒரு முறைதான் திடுக்கிட வைக்க முடியும். பத்து பேர் விளையாடிப் பார்க்கத் தயார் என்றால் பத்து பேரையும் ஒரே வாரத்தில் உட்கார வைக்காதீர்கள். இரண்டு பேர், திருத்தம், இன்னும் இரண்டு பேர். முன்னால் வந்தவர்கள் மற்றவர்களிடம் வாய் திறக்கக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்குங்கள். விளையாடும்போது பேசாதீர்கள், எப்படி இருந்தது என்றும் கேட்காதீர்கள், நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். கையைப் பாருங்கள். பட்டனைத் தட்டிக்கொண்டே வந்த கட்டைவிரல் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நின்ற பிறகு வரும் முதல் வார்த்தையையும் அப்படியே எழுதி வையுங்கள்.

இரண்டாம் முறை ஆடுகிறவர்களுக்கும் ஏதாவது வைக்க வேண்டும், அவர்களுக்கு விஷயம் தெரியும் என்பதையே பயன்படுத்திக்கொள்ளலாம். என் நாலு காசுச் சத்திரத்து அறையில் ஒரு நாற்காலி இருக்கிறது. முதல் முறை அதை யாரும் சீண்டுவதில்லை. தெரிந்தவர்கள் அதை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, ஜன்னலையும் சாத்திவிட்டுப் படுக்கலாம். படுத்தால் ட்யூன் முழுசாக ஓடும், ஹெச்பி நிரம்பும், விடியும். கடிதம் பத்திரமாக இருக்கும். கதவைத் திறந்தால் வாசலில் அந்தத் திருடன் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்: "போன தடவை தாழ்ப்பாளே இல்லாம தூங்கினீங்க, இப்ப மட்டும் என்ன?"